ஓடாத எஞ்சினின் நன்மைகள்

22.01.1995, ஞாயிறு

நல்லூர் ரியூசனுக்குப் போய் வந்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் கரும்பலகையைப் பார்த்தே ஒரு மணித்தியாலம் பேசினேன். பௌதிகம் கரும்பலகைக்கு நன்றாக விளங்கியிருக்கும்.

சமாதானம் வந்திருக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டில் உள்ள ஒரே அத்தாட்சி ஒரு சோடாப் போத்தல் பெற்றோல். எங்களோடு பின்னறையில் இருக்கும் சிமியோன் மாமா எங்கிருந்தோ கொண்டுவந்தார். என்னைப் பெற்ற ஐயா மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "கலப்பில்லை" என்றார். இத்தனை வருடமும் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு மைநிரப்பியால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மனிதர். முழுப் போத்தலைக் கண்டதும் கோயிலுக்குள் நிற்பவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

போத்தல் மெசினுக்கு இல்லை. விமானத்துக்கு.

புகையிலைக் குடிலின் கூரை வளையில் கட்டித் தொங்கியதை மாமா இறக்கினார். மரத்தில் செய்த சின்ன விமானம்; இறக்கைச் செட்டை இரண்டும் சேர்ந்து என் இரு கைகளையும் விரித்த அகலம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராக, எந்திரம் பூட்டுகிறவராக, இருந்த காலத்தில் ஓய்வு நேரங்களில் செய்தது. எஞ்சின் மட்டும் கப்பல்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மேசையில் பூட்டி ஓட்டிப் பார்த்தாராம், ஓடியதாம். பறக்கவிட நாள் பார்த்தார். சண்டை தொடங்கிவிட்டது. அங்கிருந்து இடம்பெயர்ந்து இணுவிலில் எங்கள் பின்னறைக்கு வந்தபோது அவர்கள் கொண்டுவந்த ஆகப் பெரிய பொருள் இதுதான்.

மாமாவின் மனைவி லூர்த்தம்மா மாமி இன்றைக்கும் சொன்னா: "சனம் அரிசி, நகை, ஆட்டுக்குட்டி எண்டு தூக்கிக்கொண்டு ஓடுது. இந்த மனுசன் செட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினது. என்ரை ஆட்டுக்கல்லு இப்பவும் அங்கைதான் கிடக்கு."

அது இன்னும் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. அது பறப்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர மாமாவுக்கு வேறு ஆசை இருப்பதாக எனக்குத் தெரியாது.

29.01.1995

எஞ்சின் பிடிக்கவில்லை. மாமா விமானத்தின் மூக்கு விசிறியை விரலால் சுண்டிச் சுண்டி விரல் வெட்டுப்பட்டது. மாமி சீலைத் துண்டு கட்டிவிட்டா. முடிச்சு இறுக்கமாக இருந்தது.

05.02.1995, ஞாயிறு

முற்றத்தில் ஆம்பிளையள் கூட்டம். கராஜ் வைத்திருக்கும் தம்பிஐயாவும் வந்தார். வந்து எஞ்சினைப் பார்க்கவில்லை, போத்தலைத்தான் பார்த்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார்.

"எண்ணெயிலை பிழை."

எல்லோரும் தலையாட்டினார்கள். பெற்றோல் தடைப்பட்ட இந்த ஐந்து வருடமாகக் குடாநாட்டில் எது ஓடாவிட்டாலும் எண்ணெயில்தான் பிழை. வேறு பிழை வருவதற்கு எஞ்சின்களுக்கு நாங்கள் அவகாசம் கொடுக்கவில்லை. பெற்றோலைச் சீலைத் துணியில் வடித்தார்கள். வெயிலில் வைத்தார்கள். நிழலில் வைத்தார்கள். ஓயில் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஒருவர் மண்ணெண்ணெய்க்குப் போடுகிற மாதிரிக் கற்பூரம் போடலாம் என்றார். "பெற்றோலுக்குமோ?" என்று மாமா கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "பழக்கத்திலை சொல்லிப்போட்டன்" என்றார்.

பிளக்கைக் கழற்றியபோது நான் பார்த்தேன். நனைந்திருந்தது. வெளியே பிடித்துச் சுற்றினால் நீலப் பொறி அடித்தது. எண்ணெய் உள்ளே போகிறது. பொறி இருக்கிறது. பிறகு ஏன்?

கேட்கவில்லை. அவர்கள் வட்டமாக நின்றார்கள், நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றேன். தட்டோடு நிற்பவர்கள் கேள்வி கேட்பதில்லை.

12.02.1995

எஞ்சின் பிடித்தாலும் அனுமதி இல்லாமல் பறக்கவிட ஏலாது. இங்கே ஆகாயத்தில் எது பறந்தாலும் சனம் அண்ணாந்து பார்ப்பதில்லை, பங்கருக்குள் இறங்கும். ஆகவே பொடியளின், இயக்கத்தின், அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

மாமா என்னிடம் வந்தார். "நீ பட்டதாரியெல்லோ பிள்ளை. ஒரு கடிதம் எழுதித் தா."

எங்கள் பரம்பரையில் முதல் பட்டம். நியமனம் இன்னும் வரவில்லை. ஆனால் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் எனக்குத்தான் வரும். எழுதினேன். 'சிறிய, ஆயினும் உயர்திறன் வாய்ந்த பெற்றோல் எஞ்சின்' என்று ஒரு வரி. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஐயா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

19.02.1995

அந்த வரி வேலை செய்துவிட்டது.

அலுவலகத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்றார். விமானத்தைச் சுற்றி வந்தார். செட்டையைப் பார்க்கவில்லை. எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"ஐயா, இது ஓடுமோ?"

"இன்னும் பிடிக்கேல்லைத் தம்பி."

"பிடிச்சால் எங்களுக்கு வேணும். இப்பிடி ஒரு எஞ்சின் தேவையா இருக்கு."

"பிடிக்காட்டி?"

"பிடிக்காததை நாங்கள் என்ன செய்யிறது? நீங்களே வைச்சிருங்கோ. சித்திரைக்கு முதல் வந்து பாக்கிறன்."

மரியாதையாகத்தான் பேசினார். தேத்தண்ணீரும் குடித்தார். அவர் போன பிறகு மாமி, "ஓடினால் அவைக்கு, ஓடாட்டி எங்களுக்கு. நல்ல சட்டம்" என்றா.

நான் ஏன் உயர்திறன் என்று எழுதினேன்? 'பழைய எஞ்சின்' என்று எழுதியிருக்கலாம். ஏன்டி எழுதினனீ?

26.02.1995

மாமா இன்றைக்கும் விசிறியைச் சுண்டிக்கொண்டிருக்கிறார். பிடித்தால் போய்விடும் என்று தெரியும். தெரிந்துகொண்டே சுண்டுகிறார். ஐயாவிடம் கேட்டேன். புகையிலை நறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஓடாத எஞ்சினை வைச்சுக்கொண்டு ஒரு பிற்றர் எப்பிடிப் பிள்ளை நித்திரை கொள்ளுறது?"

12.03.1995, ஞாயிறு

இன்று ஐயாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மெசினை நான் தொடக்கினேன். சில்லில் கயிற்றைச் சுற்றி இழுக்க முன் மெதுவாக உருட்டிப் பார்ப்பது வழக்கம். ஓர் இடத்தில் சில்லு மறுக்கும். மேலும் தள்ளினால் திருப்பி உதைக்கும். அந்த இடத்தில் வைத்துத்தான் இழுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து செய்வது. இன்றைக்குத்தான் அதை யோசித்தேன்.

மாமாவும் மாமியும் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார்கள். குடிலுக்குள் போய் விமானத்தின் விசிறியை ஒரு விரலால் சுற்றினேன். சுற்றியது. எங்கும் மறுக்கவில்லை, எங்கும் உதைக்கவில்லை. கிணற்றுக் கப்பி மாதிரி உருண்டது.

அழுத்தம் இல்லை. எண்ணெயும் பொறியும் இருந்தும் உள்ளே போதிய நெரிசல் இல்லை.

விளக்கைக் கொளுத்திக்கொண்டு எஞ்சின் தலையின் விளிம்பைப் பார்த்தேன். தலைக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு காஸ்கெற்தான் இருக்க வேண்டும். தடிப்பாக, அடுக்கடுக்காக ஏதோ தெரிந்தது. ஓர் அடுக்கின் ஓரத்தில் நீலப் பெயின்ற். எங்கள் அடுப்படியிலும் அந்த நீலம் இருக்கிறது. பால்மாத் தகர ரின்.

இரண்டு வருடத்துக்கு முன் துருப்பிடித்து இறுகியது என்று மாமா இந்த எஞ்சினைத் தம்பிஐயாவிடம் கொடுத்தார். தம்பிஐயா எந்த எஞ்சின் வந்தாலும் முதலில் தலையைக் கழற்றி ரின் தகடு வெட்டி வைப்பார். தலை உயர்ந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் மண்ணெண்ணெயில் தட்டாமல் ஓடும். அப்படித்தான் ஊரிலுள்ள மோட்டர்சைக்கிள் எல்லாம் ஓடுகின்றன. யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மெசினுக்கும் வைத்தவர். பெரிய எஞ்சின், தாங்கும். உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின் தாங்காது.

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோசமாக இருந்தது. விளக்கை ஊதி நூர்க்கும்வரை.

13.03.1995

சொன்னால் மாமா கழற்றுவார். கழற்றினால் ஓடும். ஓடினால் போய்விடும்.

சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமான வேலைதானே.

02.04.1995, ஞாயிறு

அலுவலகத்துத் தம்பி வந்தார். எப்படித் தெரிந்ததோ, ஒழுங்கை முழுவதும் வந்தது.

மாமா பொய்யாகச் சுண்டுவார் என்று நினைத்தேன். இல்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவரால் அது ஏலாது. பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையாகவே முயற்சி செய்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது. தம்பிஐயா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கினார். "எண்ணெயிலை பிழை. நான் அண்டைக்கே சொன்னனான்."

அந்தத் தம்பி எஞ்சினை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு தட்டோடு நின்ற என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்கள் பௌதிகம் எல்லோ? கடிதமும் நீங்கள்தானே எழுதினது. என்ன பிழை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கரும்பலகை எங்கும் இல்லை.

"எண்ணெயிலைதான் பிழை," என்றேன்.

கூட்டத்துக்கு நல்ல திருப்தி. "பாத்தியளோ? கம்பஸ் படிச்ச பிள்ளையே சொல்லுது," என்றார் தம்பிஐயா. அந்தத் தம்பி, "சரி ஐயா, நீங்களே வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு முன்னால் நான் வாய் திறந்து சொன்ன முதல் வசனம் அது. பொய்.

09.04.1995, குருத்து ஞாயிறு

விமானம் மிஞ்சியது. மாமா மிஞ்சவில்லை போலிருக்கிறது.

இந்தக் கிழமை முழுவதும் குடிலுக்குள் போகவில்லை. குருத்தோலைப் பூசைக்கும் போகவில்லை. மாமி கிணற்றடியில் சொன்னா: "ஷெல் விழேக்கையும் உந்த மனுசன் ரெண்டு பிடி சாப்பிட்டது. இப்ப கோப்பையைத் தள்ளிவிடுது. இத்தனை வருசம் செய்தது பிழை, செட்டையை அடுப்புக்கு எடு எண்டு சொல்லிப்போட்டுது."

"எடுத்திட்டியளோ, மாமி?"

"பெரிய கிழமையிலை விறகு கொத்தக்கூடாது எண்டு சொல்லியிருக்கிறன்."

"அப்பிடி ஒரு முறை இருக்கோ?"

"இந்த வருசம் இருக்கு."

14.04.1995, வெள்ளி

வருடப் பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில். எங்கள் பக்கம் பாயசம், அவர்கள் பக்கம் ஒருசந்தி விரதம். அம்மா தந்த பாயசத்தை மாமி வாங்கி மூடி வைத்தா. மாமா கதவு நிலையோடு சாய்ந்து இருந்தார்.

போகாமல் நின்றேன்.

"மாமா, எண்ணெயிலை பிழை இல்லை."

நிமிர்ந்து பார்த்தார். மிச்சத்தைக் கதவு நிலைக்குச் சொன்னேன். கப்பி மாதிரி உருண்டதை, நீலப் பெயின்றை, தம்பிஐயாவின் தகட்டை. சொல்லி முடிய மாமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுண்டேக்கை உதைக்கேல்லை. எனக்கெல்லோ முதல் தெரிஞ்சிருக்கோணும்... என்ரை கையும் மண்ணெண்ணெய்க்குப் பழகிட்டுது." பிறகு, "உனக்கு எப்ப தெரியும்?"

"போன மாசம்."

"அப்ப அந்தப் பெடியன் கேக்கேக்கை நீ..."

அடுப்படியிலிருந்து மாமி: "இண்டைக்குப் பெரிய வெள்ளி. ஒருத்தரையும் ஏசக்கூடாது."

மாமா மூச்சை உள்ளே இழுத்தார். "அப்ப ஞாயிற்றுக்கிழமை ஏசுறன்," என்றார்.

மாலையில் குடில் கதவு திறந்து கிடந்தது.

16.04.1995, உயிர்த்த ஞாயிறு

ஏசவில்லை. நேரமில்லை.

பூசை முடிந்து வந்ததும் தலையைக் கழற்றினார். இரண்டு தகடு. ஒன்றில் நீலம், மற்றதில் ஒரு குழந்தையின் பாதி முகம். பழைய காஸ்கெற்றை மட்டும் வைத்துப் பூட்டினார். விசிறியை மெதுவாகத் திருப்பினார். உதைத்தது. அவர் முகம் மாறியது.

"ஓட்டுறதோ, மாமா? சத்தம் வெளியிலை கேக்கும்," என்றேன்.

அவர் தயங்கினார். மாமிதான் சொன்னா: "ஆண்டவரே எழும்பிட்டார், உதுக்கென்ன கேடு? சுண்டுங்கோ."

சத்தத்தை மறைக்க ஐயா இறைக்கிற மெசினைத் தொடக்கினார். மாமா சுண்டினார். முதல் சுண்டில் இருமியது. அடுத்ததில் பிடித்தது.

மெசின் சத்தம் ஒன்றையும் மறைக்கவில்லை. அது அடித்தொண்டையில் முழங்க, இது உச்சத்தில் கீச்சிட்டது. குடிலுக்குள் தூசி எல்லாம் எழும்பியது. மாமாவின் வாய் அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அழுதாரோ தெரியாது, புகை.

நிறுத்திய பிறகுதான் ஒழுங்கை வெறிச்சோடிக் கிடப்பது தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று குடும்பம் பங்கருக்குள். ஐயா போய்ப் பங்கர் வாசலில் குந்தியிருந்து, "வெளியிலை வாருங்கோ, அது சிமியோன்" என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

17.04.1995

அலுவலகத்துத் தம்பி வந்தார். மூன்று குடும்பம் பங்கருக்குள் இறங்கினால் செய்தி நடந்து போகாது. வீட்டில் நான் மட்டும்.

"அக்கா, எண்ணெய் சரிவந்திட்டுதோ?"

"எண்ணெயிலை பிழை இருக்கேல்லை. நான் பொய் சொன்னனான்."

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு.

"தெரியும். நானும் மோட்டர்சைக்கிள் ஓடுறனான். அக்கா சொல்லேக்கை தட்டிலை கோப்பை எல்லாம் ஆடினது." சிரிக்கவில்லை. "அலுவலகத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் ஒண்டும் செய்ய ஏலாது. புதன்கிழமை வாறன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அது சிமியோன் ஐயான்ரை."

18.04.1995, செவ்வாய்

வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டத் தறைக்குக் கொண்டுபோனோம். ஒழுங்கை முழுவதும் முன்கூட்டியே அறிவித்தாயிற்று. இது இரண்டு மெல்லிய கம்பியில் கட்டி, நடுவில் நிற்பவரைச் சுற்றிப் பறக்கவிடும் வகை. மாமா நடுவில் கைபிடியோடு நின்றார். நான் வாலைப் பிடித்தேன். எஞ்சின் ஒரே சுண்டில் பிடித்தது. மாமா தலையாட்டினார். விட்டேன்.

ஓடியது. வேகமாக ஓடியது. வால் எழும்பியது. சில்லு மண்ணை விட முன் வரம்பில் இடித்துக் குப்புற விழுந்தது. விசிறி இரண்டாக முறிந்தது.

அது ஓட வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மாமா வீட்டுக்கு வந்ததும் ஒரு பலாப் பலகையை எடுத்துப் புது விசிறி செதுக்கத் தொடங்கினார். நாளைக் காலைக்குள் முடியாது. அவருக்கும் தெரியும்.

19.04.1995

சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. றேடியோவைச் சுற்றி எல்லோரும். தம்பி வரவில்லை. மாமா செதுக்குவதை நிறுத்தவில்லை.

21.04.1995, வெள்ளி

வந்தார். சவரம் செய்யாத முகம். சைக்கிளை மதிலில் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

மாமாவே எஞ்சினைக் கழற்றித் துடைத்துச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். புது விசிறியையும் கொடுத்தார். அரைகுறையாக இருந்ததை நேற்று முழுவதும் இருந்து முடித்திருந்தார்.

"தம்பி, தலையை ஒருத்தரும் கழட்ட விடாதையுங்கோ. பிடிக்காட்டி எண்ணெயைக் குறை சொல்லாமல் முதல் உருட்டிப் பாருங்கோ. உதைக்கோணும்."

"ஓம், ஐயா."

"விமானம்?"

"மரம் தேவையில்லை ஐயா. அது உங்களுக்குத்தான்."

அவர் போகும்போது என்னைப் பார்த்து, "வாறன் அக்கா" என்றார். ஓம் என்றேன். இனி வருவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

மாமா வேலிப் படலையடியில் நின்றார். மாமி போய்ப் பக்கத்தில் நின்றா. ஆட்டுக்கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

23.04.1995

பெற்றோல் போத்தலில் மிஞ்சியதை மாமா ஐயாவிடம் கொடுத்துவிட்டார். ஐயா மைநிரப்பியைத் தேடுகிறார்.

11.06.1995, ஞாயிறு

காலையில் தெற்குப் பக்கம் உண்மையான விமானம் சுற்றியது. பங்கருக்குள் இருந்துவிட்டு ஏறி வந்தோம். மத்தியானத்துக்குப் பிறகு தென்மேற்குச் சோளகக் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை.

மாமா கிணற்றடிக்கு வந்தார். கையில் குருநகரில் மாமியின் தகப்பன் விட்டுப்போன வலை ஈயக்குண்டுகள்.

"எஞ்சின் போனதிலை வால் பாரமாப் போச்சு. மூக்கிலை எவ்வளவு ஈயம் வைக்கலாம், பிள்ளை?"

குடிலுக்குப் போனோம். செட்டைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். எந்த இடத்தில் சமநிலை நிற்க வேண்டுமோ அந்த இடத்தைக் கரியால் அடையாளம் போட்டேன். கணக்குப் பார்த்துச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் அவ்வளவும் வைத்துக் கட்டினார். சில்லுகளையும் கம்பியையும் கழற்றினார்.

அதே தறை. ஐயா விமானத்தின் அடியில் கொளுவிய நீளமான மெல்லிய கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடினார். ஐயா ஓடி நான் இதுவரை பார்த்ததில்லை. முதுகு பிடித்தது ஞாபகமே இல்லாதவர் போல ஓடினார். மாமா கையை விட்டார்.

எழும்பியது.

முருங்கை உயரம், பிறகு அதற்கும் மேல். கயிறு கழன்று விழுந்தது. ஒரு பெரிய வளைவு எடுத்துக் காற்றோடு திரும்பி, எங்கள் தலைக்கு மேலால் போய்த் தறையின் மறு அந்தலையில், வரம்போரத்தில், வந்து இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. ஒருவரும் பங்கருக்குள் இறங்கவில்லை. வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. எண்ணெய் தேவையில்லாத இந்தப் பொருளை இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

மாமி, "இதுக்கோ மனுசன் அவ்வளவு பாடுபட்டது" என்றா. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டா.

மாமா போய்த் தூக்கி வந்தார். ஆம்பிளையள் கூடிவிட்டார்கள். தம்பிஐயாவும் நின்றார், ஆனால் மணந்து பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மாமா அவர்களைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"வலப் பக்கம் சாயுது. ஏன்?"

சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். வலது செட்டையின் நுனி தறையில் இடித்த அன்று கொஞ்சம் முறுகியிருக்கிறது, ஆவியில் காட்டி நிமிர்த்த வேண்டும் என்று. ஒருவர் தெரியாமல் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார், "எண்ணெயிலை பிழையோ?" பக்கத்திலிருந்தவர் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறேன். மாமா செட்டையைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.